காலையில் சாப்பிட்ட இட்லி மாலை வாந்தியில்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே தொல்லையைப் பற்றியவை: நாள்பட்ட குமட்டல், வாந்தி, அதோடு சேர்ந்த எடைக்குறைவு. நான்கு வீடுகளிலும் முதலில் சொல்லப்பட்ட காரணம் பித்தம். அடுத்துச் சொல்லப்பட்டது வாயு. ஆனால், கடிதங்களைப் படிக்கும்போது நான்கும் நான்கு வெவ்வேறு நோய்களாக எனக்குத் தோன்றுவதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 54. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஐந்து மாதங்களாக எப்போதும் குமட்டுகிறது என்கிறார். வாரத்தில் மூன்று நாளாவது வாந்தி எடுக்கிறார். நான்கு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறதாம். காலையில் சாப்பிட்ட இட்லி மாலை வாந்தியில் ஏறக்குறைய அப்படியே வருகிறது. 68 கிலோ இருந்தவர் இப்போது 59 கிலோ. எண்டோஸ்கோபி பார்த்துவிட்டு, புண்ணோ கட்டியோ இல்லை, பயப்பட வேண்டாம் என்று கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சர்க்கரைக்காகக் கீரை, கேழ்வரகு, கொள்ளு என்று நானும் பார்த்துப் பார்த்துத்தான் சமைக்கிறேன். வேறு என்ன காரணம் இருக்க முடியும், டாக்டர்?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: உங்கள் கடிதத்தில் மருத்துவருக்கு மிகவும் பயன்படக்கூடிய வரி, அந்த இட்லியைப் பற்றியது. சாப்பிட்ட சாதாரண உணவில் பெரும்பகுதியை இரைப்பை நான்கு மணி நேரத்துக்குள் முன்சிறுகுடலுக்குத் தள்ளிவிட வேண்டும். எட்டு, பத்து மணி நேரம் கழித்தும் அது உள்ளேயே கிடக்கிறது என்றால், வெளியேறும் வழி அடைபட்டிருக்க வேண்டும் அல்லது தள்ளுகிற தசை சோர்ந்துபோயிருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் முதல் வேலை. எடையைப் பொறுத்தவரை, முயற்சி செய்யாமலேயே ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே நாங்கள் காரணம் தேடத் தொடங்குவோம். 68 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோதான். உங்கள் கணவர் ஐந்தே மாதத்தில் 9 கிலோ, அதாவது 13 சதவீதம் இழந்திருக்கிறார். இதைக் கேஸ் மாத்திரையோடு விட்டுவிட முடியாது.

அடைப்பு என்றால், நாற்பது ஆண்டுகளுக்கு முன் தென்னிந்திய மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை வார்டுகளில் அது அன்றாடக் காட்சி. முன்சிறுகுடற்புண் வருவதும் ஆறுவதுமாக இருந்து, கடைசியில் தழும்பு சுருங்கி, இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வாயிலையே மூடிவிடும். அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் எச்.பைலோரி என்ற கிருமியே காரணம் என்று நிறுவிய பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியைக் கொல்லும் சிகிச்சையும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் பரவிய பிறகு அத்தகைய அடைப்புகள் மிகவும் அரிதாகிவிட்டன. ஆகவே, இன்று ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு இரைப்பையின் வாயில் அடைபட்டிருந்தால் முதலில் புற்றுநோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். எண்டோஸ்கோபி அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் நீக்கியிருக்கிறது, முழுவதும் நீக்கவில்லை. அந்தக் குழாய் உணவுப்பாதையின் உட்புறத்தை மட்டுமே பார்க்கும். வெளியிலிருந்து அழுத்துகிற கணையக் கட்டியையோ, குழாய் எட்டாத தொலைவில் சிறுகுடலில் காசநோயால் ஏற்பட்ட சுருக்கத்தையோ அது காட்டாது. எனவே வயிற்றுக்குச் சி.டி. ஸ்கேன் தேவை. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி திடீரென இளைக்கும்போது கணையத்தை ஒருமுறை பார்த்துவிடுவது எப்படியும் நல்லது.

அதற்கு முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். எண்டோஸ்கோபி அறிக்கையை எடுத்து, 'புண் இல்லை' என்ற முடிவை மட்டும் பார்க்காமல், மேலே உள்ள வருணனையையும் படித்துப் பாருங்கள். முதல் நாள் இரவிலிருந்து பட்டினியாக இருந்தும் இரைப்பையில் உணவு மிச்சம் இருந்தது என்று ஒரு வரி அங்கே இருக்கலாம். முடிவுரையில் இடம்பெறாத இந்த ஒற்றை வரியைப் பலமுறை நான் கண்டிருக்கிறேன். அது இருந்தால் நோய் பாதி பிடிபட்டது போலத்தான்.

ஏனென்றால், உங்கள் கணவர் விஷயத்தில் எனக்கு அதிகம் தோன்றுவது இரண்டாவது காரணம், அதாவது இரைப்பைத் தசையின் சோர்வு. பாதங்களை மரத்துப்போகச் செய்வதைப் போலவே, பல ஆண்டுச் சர்க்கரை, இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பையும் கெடுக்கும். அடைப்பு எதுவும் இல்லாமலேயே உணவு தேங்கும். சிறிது உண்டதும் வயிறு நிறைந்தது போலிருக்கும். பழைய உணவு வாந்தியாக வரும். இதை உறுதி செய்ய, பெரிய மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவில் மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, அது இரைப்பையிலிருந்து வெளியேறும் வேகத்தை நான்கு மணி நேரம் படமெடுப்பார்கள். நான்காவது மணி முடிவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கியிருந்தால் அது தாமதம். பரிசோதனை நாளன்று சர்க்கரை மிக அதிகமாக இருந்தால், அதுவே இரைப்பையை மந்தமாக்கித் தவறான முடிவைத் தரக்கூடும்.

இவ்வளவு பொருத்தமாகத் தோன்றும்போதுதான் மருத்துவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குக் குமட்டலும் எடைக்குறைவும் வர வேறு வழிகளும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்து யூரியா தேங்கும்போது, காலையில் பல் துலக்கும்போதே குமட்டத் தொடங்கும். இதற்கு ஒரு கிரியாட்டினின் பரிசோதனை போதும். மாத்திரைகளையும் பட்டியலிட வேண்டும். மெட்ஃபார்மின் பலருக்குக் குமட்டலைத் தரும். எடைக் குறைப்புக்காகவும் இப்போது பரவலாகப் பேசப்படும் செமாகுளூட்டைட் வகை ஊசிகள் பசியைக் குறைப்பதோடு இரைப்பை காலியாவதையும் மெதுவாக்குகின்றன. அதைப் போட்டுக்கொள்பவர் குமட்டுகிறது, இளைத்துவிட்டேன் என்றால் முதலில் அதையே சந்தேகிக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளோ வேறொரு விதத்தில் ஆபத்தானவை: அபூர்வமாக, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப்பொருள் சேர்ந்து வாந்தி வரும். குளூக்கோமீட்டரில் 180 என்று பார்த்துவிட்டு ஆறுதலடைந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வாந்தி எடுக்கும் நாள்களில் அந்த மாத்திரையைத் தொடரக் கூடாது; மருத்துவரை உடனே கேட்க வேண்டும். மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் கொடுக்கப்படும் டிரமடாலும் இரைப்பையை மந்தமாக்கும்.

இனி, உங்கள் சமையல். நீங்கள் அக்கறையோடு செய்வதே அவருக்குத் துன்பமாகியிருக்கக் கூடும் என்று சொல்வதற்கு வருந்துகிறேன். சர்க்கரை நோயாளிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் நார்ச்சத்து மிகுந்த உணவு, இரைப்பை சோர்ந்தவருக்கு ஏற்றதன்று. கீரைத் தண்டும், தோலோடு கூடிய கொள்ளும், முருங்கைக்காய்ச் சக்கையும் உள்ளே தேங்கிப் பந்துபோல் திரளக்கூட வாய்ப்புண்டு. எண்ணெய் மிகுந்த உணவும் அப்படியே, இரைப்பையை விட்டு நகர மறுக்கும். நோய் உறுதியானால், குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி, தோல் நீக்கிய பாசிப்பருப்பு, வடிகட்டிய சூப், மோர், மசித்த காய் என்று நாளைக்கு ஐந்தாறு சிறு வேளைகளாகக் கொடுக்க வேண்டியிருக்கும். கெட்டியான உணவு தேங்கினாலும் நீராகாரம் இறங்கிவிடும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவராக இருந்தால், ஊசி உடனே வேலை செய்ய, உணவோ இரைப்பையிலேயே கிடக்க, சர்க்கரை சட்டெனத் தாழ்ந்து, சில மணி நேரம் கழித்துத் தாறுமாறாக ஏறும்; ஊசி போடும் நேரத்தை மருத்துவரோடு பேசி மாற்ற வேண்டும்.

மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மருந்துக் கடையில் கேட்டால் கிடைத்துவிடுகிற, வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வாய், நாக்கு, கைகால்கள் தாமாக அசையும் கோளாறு வந்து, நிறுத்திய பிறகும் நிலைத்துவிடக்கூடும். 12 வாரங்களுக்கு மேல் அதைத் தரக் கூடாது என்பது பொது விதி. கேஸ் மாத்திரையோடு சேர்த்துத் தரப்படும் டோம்பெரிடோனும் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது என்பதால், ஈ.சி.ஜி. பார்க்காமல் நீண்ட நாள் எடுப்பது சரியன்று.

காபித்தூள் கரைத்தது போன்ற வாந்தி, கருந்தார் போன்ற மலம், நாள் முழுதும் சிறுநீர் பிரியாமை, பிதற்றல், கடுந்தலைவலி, தொடர்ந்து உப்பிய வயிறு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பரிசோதனைகளுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 29, பள்ளி ஆசிரியை. ஏழு மாதங்களாகப் பசி இல்லை. குமட்டல், அவ்வப்போது வாந்தி. 52 கிலோவிலிருந்து 44 ஆகிவிட்டேன். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. வகுப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் பாடம் நடத்துகிறேன். முகமும் கைகளும் கறுத்துவிட்டன; வெயிலால் என்று நினைத்தேன், ஆனால் உள்ளங்கைக் கோடுகளும் ஈறுகளும்கூடக் கறுத்திருக்கின்றன. விசித்திரமாக, உப்பு மட்டும் பிடிக்கிறது. ஊறுகாயைத் தனியாக எடுத்துச் சாப்பிடுகிறேன். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துவிட்டார்கள். இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடக்கிறேன் என வீட்டில் நினைக்கிறார்கள்.
(வாசகி, தென்காசி மாவட்டம்)

பதில்: ஊறுகாயையும் உள்ளங்கைக் கோடுகளையும் மறக்காமல் எழுதியதற்கு நன்றி. இந்தக் கடிதத்தை அடுத்த வாரம் என்று தள்ளாமல் உடனே ஒரு பொது மருத்துவரிடமோ நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடமோ எடுத்துச் சென்று காட்டுங்கள். சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் வேலை செய்யத் தவறினால் நேரும் எல்லாவற்றையும் நீங்களே வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் இந்த நோயை விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அக்காலத்தில் அச்சுரப்பிகளைப் பெரும்பாலும் அழித்தது காசநோய். மேலை நாடுகளில் இன்று உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவது முதல் காரணமாகிவிட்டது. நம் நாட்டிலோ காசநோயை மறக்க இன்னும் காலம் வரவில்லை. அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் குறையும்போது பசி போய்விடும், குமட்டும், ரத்த அழுத்தம் தாழும். உடலில் உப்பைப் பிடித்துவைக்கும் இன்னொரு ஹார்மோனும் குறைவதால் சிறுநீரில் உப்பு வெளியேறுகிறது; நாக்கு ஊறுகாயைத் தேடுவது அதனால்தான். சுரப்பியைத் தூண்டிவிட மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அளவுமீறிப் பெருகி, தோலின் நிறமிகளையும் தூண்டிவிடுகிறது. வெயில் படாத ஈறு கறுப்பது இதனால்தான்; வெயிலுக்கும் இந்தக் கறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை அறிய அதுவே போதும்.

பரிசோதனை எளிது. படுத்திருக்கும்போதும் நின்ற பிறகும் ரத்த அழுத்தம், சோடியம், பொட்டாசியம், காலை எட்டு மணிக்குக் கார்டிசால். சோடியம் தாழ்ந்து பொட்டாசியம் ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஊசி போட்டுச் சுரப்பியைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை அதை உறுதி செய்யும். நோய் இருந்தால், குறைபடும் ஹார்மோனை மாத்திரையாக வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டால் வகுப்பில் நின்றே பாடம் நடத்தலாம். அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடி இந்த நோயோடுதான் அப்பதவியில் இருந்தார். சிகிச்சை தொடங்காத நிலையில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால்தான் ஆபத்து: ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே கேடாகலாம். அதனால்தான் அடுத்த வாரம் வேண்டாம் என்றேன்.

இதே சாயலில், ஆனால் தோல் கறுக்காமல், இன்னொரு வகையையும் நம் ஊர்களில் பார்க்கிறோம். மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் பெயர் தெரியாத பொடிகளையும் மாத்திரைகளையும் மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்துகிறவர்களுக்கு இது வருகிறது. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், அதுவரை உறங்கிப்போயிருந்த சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. குமட்டலும் வாந்தியும் தளர்ச்சியும் தொடங்கும். அப்படி எதையாவது சாப்பிட்டிருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 71 வயது. முழங்கால் வலிக்காகச் சென்றபோது வைட்டமின் டி குறைவு என்று 60,000 யூனிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதமாகத் தவறாமல் தினமும் சாப்பிடுகிறார். இப்போது வாந்தி, மலச்சிக்கல், தாங்க முடியாத தாகம். 5 கிலோ குறைந்துவிட்டார். பேச்சில்கூடக் கொஞ்சம் தடுமாற்றம். வயதாகிவிட்டது என்கிறார்கள்.
(வாசகர், புதுக்கோட்டை)

பதில்: வயதின் மேல் பழியைப் போட வேண்டாம். 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று என்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டுமே தரப்படுவது. மருந்துச்சீட்டின் கிறுக்கலில் 'வாரம் ஒருமுறை' என்பது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் 'தினம் ஒன்று' ஆகிவிடுவது அபூர்வமன்று. இந்த வைட்டமின் அளவுமீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். கால்சியம் ஏறினால் குடல் அசைவு மந்தமாகும், குமட்டும், சிறுநீர் மிகுதியாகப் பிரிந்து தாகம் எடுக்கும், மனம் குழம்பும், கடைசியில் சிறுநீரகம் கெடும். நீங்கள் எழுதியவை இவையேதான்.

மாத்திரையையும், சேர்த்துக் கொடுத்திருந்தால் கால்சியம் மாத்திரையையும் இன்றே நிறுத்திவிட்டு, கால்சியம், கிரியாட்டினின் இரண்டையும் பாருங்கள். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் கால்சியம் ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். 12ஐத் தாண்டி இத்தகைய தடுமாற்றமும் இருந்தால் மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டும். வைட்டமின் டி கொழுப்பில் சேர்ந்து கிடக்கும் என்பதால், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் கால்சியம் ஏறியே இருக்கலாம். ஒருமுறை சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் வைட்டமின் டி அளவு அதிகமில்லை, ஆனால் கால்சியம் மட்டும் அதிகம் என்றால், கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிக் கட்டியிலிருந்து எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் வரை வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

கேள்வி: கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகனுக்கு 21 வயது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று, நான்கு நாள் விடாமல் வாந்தி. மருத்துவமனையில் நீர் ஏற்றினால் சரியாகிறது. ஓராண்டில் 7 கிலோ குறைந்துவிட்டான். ஸ்கேன், எண்டோஸ்கோபி, ரத்தம் எல்லாம் சரி. மன அழுத்தம் என்கிறார்கள். வாந்தி வரும்போது வெந்நீரில் மணிக்கணக்கில் குளித்தால் மட்டும் அடங்குகிறது என்கிறான்.
(வாசகி, நாமக்கல்)

பதில்: மனத்துக்கும் வயிற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. தேர்வுப் பதற்றத்தில் குமட்டுவதும், மனச்சோர்வு நோயில் பசி அற்றுப்போவதும், எடையை நினைத்து விரலை விட்டு வாந்தி எடுப்பதும் உண்மையான நோய்நிலைகளே. ஆனால் 'பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆகவே மனம்தான்' என்பது சரியான முடிவன்று. இடையிடையே முற்றிலும் நலமாக இருந்து, தவணை வைத்தாற்போல் வாந்தி வருவது தனியொரு நோய். அதற்கு ஒற்றைத் தலைவலியோடு உறவு உண்டு, குடும்பத்தில் யாருக்காவது அத்தலைவலி இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார். அதைத் தடுக்க மருந்துகள் இருக்கின்றன.

வெந்நீர்க் குளியலைப் பற்றி நீங்கள் எழுதியதால் மட்டும் இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெடுநாள் கஞ்சா புகைப்பவர்களில் சிலருக்கு இப்படியே வாந்தி வருவதையும், வெந்நீரில் மட்டும் அது அடங்குவதையும் 2004இல் தென் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் எழுதினார்கள். புற்றுநோயாளிகளுக்கு வாந்தியை நிறுத்தப் பயன்பட்ட ஒரு பொருளே மற்றவர்களுக்கு வாந்தியைத் தருவதை முதலில் பலர் நம்பவில்லை. வெந்நீர் சுகம் தருவதால் மட்டும் உங்கள் மகன் மேல் குற்றம் சுமத்திவிட முடியாது. தவணை வாந்தி உள்ள மற்றவர்களும் வெந்நீரை நாடுவதுண்டு. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், அதையும் நீங்களோ அவன் தந்தையோ கேட்கக் கூடாது. பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு மருத்துவர் தனியாகக் கேட்டால்தான் உண்மை வரும். பதில் ஆம் என்றால், முழுவதும் நிறுத்துவதைத் தவிர நிலையான மருந்து வேறில்லை. நிறுத்திய பிறகும் அடங்கச் சில மாதங்கள் ஆகலாம்.

அடுத்த முறை வாந்தி தொடங்கினால் இரண்டாம் நாளைத் தாண்டி விடுதியில் இருக்கவிடாதீர்கள். நாள்கணக்கில் வாந்தி எடுத்து மெலிந்தவருக்குப் பொட்டாசியம் குறையும். வைட்டமின் பி1 தீர்ந்துபோய்ப் பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (அதாவது பி1) ஊசி போட வேண்டியிருக்கும் என்பதால், ஓராண்டில் இத்தனை கிலோ குறைந்திருக்கிறது என்பதை மருத்துவமனையில் சேர்க்கும்போதே பணியில் இருக்கும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லி மகனின் அறை நண்பரிடமும் தெரிவித்து வையுங்கள்.